ஓர் அடிகூட நடக்கவில்லை

கேள்வி: ஆறு மாதமாக பிரெஞ்சு படிக்கிறேன். இல்லை என்று சொல்ல வினைச்சொல்லுக்கு முன்னால் ‘நெ’, பின்னால் ‘பா’, இரண்டும் கட்டாயம் என்கிறார் ஆசிரியர். படங்களில் பார்த்தால் பலர் வாயில் ‘நெ’யே வருவதில்லை. ‘ஜெ சே பா’, தெரியாது, அவ்வளவுதான். யார் சொல்வது சரி? ஒரு ‘இல்லை’க்கு எதற்கு இரண்டு சொல்?

பதில்: இரண்டு பேரும் சரி. ஆசிரியர் எழுத்து பிரெஞ்சைச் சொல்கிறார், படத்தில் நீங்கள் கேட்பது பேச்சு பிரெஞ்சு. உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது, அதைப் பெரும்பாலான பாடப்புத்தகங்கள் சொல்லாமலே தாண்டிப் போவதில் எனக்கு வருத்தம் உண்டு.

பழைய பிரெஞ்சில் ‘நெ’ ஒன்றே போதுமாக இருந்தது. ‘பா’ என்றால் காலடி. நாம் “ஓர் அடிகூட நடக்கவில்லை”, “ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை”, “ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை” என்று அழுத்திச் சொல்கிறோமே, அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள்: நடப்பதற்கு ‘பா’, தின்பதற்கு ரொட்டித் துணுக்கு என்று பொருள்படும் ‘மீ’, குடிப்பதற்குத் துளி என்று பொருள்படும் ‘கூத்’. போகப்போக ‘பா’ மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டு எல்லா வினைக்கும் ஒட்டிக்கொண்டது, காலடி என்ற பொருளும் அந்த இடத்தில் மறைந்துபோனது, கடைசியில் மறுப்பின் பாரம் முழுக்க அதன்மேல் வந்து உட்கார, பழைய ‘நெ’ பேச்சில் உதிர ஆரம்பித்துவிட்டது. டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917-இல் பல மொழிகளில் இந்தச் சுழற்சியைக் காட்டி எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். ‘நெ’ தனியாக நின்ற காலத்தின் மிச்சம்கூட உண்டு: ‘என்னவென்று எனக்குத் தெரியாது’ என்று பொருள்படும் ‘ஜெ நெ சே க்வா’ என்ற தொடரில் ‘பா’வே கிடையாது பாருங்கள்.

அதனால் வினையை நடுவில் வைத்த சாண்ட்விச் என்று மனப்பாடம் செய்யாதீர்கள், அது சீக்கிரமே காலை வாரிவிடும். ‘நான் பார்க்கவில்லை’ என்பது ‘ஜெ நே பா வ்யூ’; ‘நெ’யும் துணைவினை ‘ஏ’யும் சேர்ந்ததுதான் ‘நே’, ‘பா’ அந்தத் துணைவினையை ஒட்டி நிற்கிறது. ‘யாரையும் பார்க்கவில்லை’ என்றாலோ ‘ஜெ நே வ்யூ பெர்சொன்’, யாரும் என்ற சொல் கடைசிக்குப் போய்விடுகிறது. தொடாதீர்கள் என்று எழுதி வைத்தால் ‘நெ பா தூஷே’, இரண்டுமே வினைக்கு முன்னால்! அப்புறம், ‘த்யூ பேன்’ (ரொட்டி) சாப்பிடுகிறவர் சாப்பிடவில்லை என்றால் அது ‘பா தெ பேன்’ ஆகிவிடும்; இதில் தவறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தேர்விலும் கடிதத்திலும் ‘நெ’யை விடாதீர்கள். பேச்சில் விடலாம், ஆனால் ‘இன்னும்’, ‘இனி இல்லை’ என்று இரண்டு பொருளும் தரும் ‘ப்ளூ’ வரும்போது கவனம். ‘ஜான் வெ ப்ளூஸ்’ என்று கடைசி ஸ் கேட்டால் இன்னும் வேண்டும் என்று பொருள். ‘ஜான் வெ ப்ளூ’ என்றால் இனி வேண்டாம். முழுசாக ‘ஜெ நான் வெ ப்ளூ’ (இந்த ‘நான்’, ‘நெ’யும் ‘ஆன்’ என்ற சொல்லும் சேர்ந்தது) என்று சொல்லியிருந்தால் குழப்பமே இல்லை, ‘நெ’ உதிர்ந்துவிட்டதால் அந்த ஒரு ஸ்-தான் தட்டில் இன்னொரு கரண்டி விழுமா விழாதா என்று தீர்மானிக்கிறது.