கல்லும் செப்பேடும்: வாசகர் கேள்விகள்

கேள்வி (இராமநாதபுரம் வாசகர்): எங்கள் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் செப்பேடுகளில் ‘கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்’ என்றெல்லாம் பட்டங்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஒரு சீமையை ஆண்டவர்களுக்கு இது மிகையில்லையா?

பதில்: மிகை என்று தள்ளிவிட்டால் நல்ல செய்தி ஒன்று கைநழுவிப் போய்விடும். இந்தப் பட்ட வரிசை சேதுபதிகள் காலத்தில் பிறந்ததல்ல. விஜயநகர அரசர்களின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பாருங்கள்: ‘ஸ்ரீமன் மகாமண்டலேஸ்வரன் அரியராய விபாடன் பாஷைக்குத் தப்புவராய கண்டன்’ என்று தொடங்கும். வாக்குத் தவறும் அரசர்களை அடக்குபவன் என்பது கடைசிப் பட்டத்தின் பொருள். தொடரே கன்னடம், எழுத்துதான் தமிழ். விஜயநகர இளவரசர் குமார கம்பணர் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக்குள் வந்த இந்த வாசகம், 1565-ல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நிலைகுலைந்த பிறகும் சாகவில்லை. சேதுபதிகள் அதை எடுத்துக்கொண்டு, ‘சேது மூல ரட்சா துரந்தரன்’ என்று தங்களுடையதையும் சேர்த்தார்கள். இராமேசுவரத்துச் சேதுவைக் காக்கும் பொறுப்பை ஏற்றவன் என்று பொருள். அத்தனை பட்டங்களுக்கு நடுவே நான் நின்று வாசிப்பது இதைத்தான். அவர்கள் யார், எதற்காக இருந்தார்கள் என்பதை இந்த ஒரு பட்டமே சொல்லிவிடுகிறது.

கேள்வி (திருநெல்வேலி கல்லூரி மாணவி): கல்வெட்டைப் பார்த்ததும், அரசனுக்கு மேலே இன்னொருவர் இருந்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் ஆண்டைப் பாரும்மா. சோழரும் பாண்டியரும் தங்கள் ஆட்சியாண்டைக் குறித்தார்கள். பாண்டியர் கல்வெட்டில் ‘2 ஆவதின் எதிர் 31 ஆவது’ என்று இருந்தால் இரண்டையும் கூட்டி 33-ஆம் ஆண்டு என்று கொள்ள வேண்டும். விஜயநகரக் காலத்தில் சகாப்தமும் (சக ஆண்டுக் கணக்கு) வருஷப் பெயரும் முன்னுக்கு வந்துவிடும். அப்புறம் அவசரப்படாமல் கீழே இறங்கு. மேலே பேரரசர் பெயர் இருக்கும். நடுவில் ‘நாயக்கர் அய்யனுக்குப் புண்ணியமாக’ என்று வரும். அதற்கும் கீழே, ‘காரியத்துக்குக் கர்த்தர்’ என்று ஓர் அதிகாரி. நிலத்தைக் கொடுத்தவர் பெரும்பாலும் இந்தக் கடைசி ஆள்தான்; புண்ணியத்தை எழுதிவைப்பது தன் மேலாளர் பெயரில். நாட்டை யார் எப்படி ஆண்டார்கள் என்பது இந்த மூன்று பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது. முதல் வரியை மட்டும் குறித்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

கையில் ஒரு டார்ச் வைத்துக்கொள். நேராக அடிக்காமல் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடி. தேய்ந்த எழுத்திலும் நிழல் விழும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். பழகப் பழகச் சரியாகிவிடும்.

கேள்வி (சிவகாசி வாசகர்): உங்கள் மனதில் நின்ற அரச கல்வெட்டு எது?

பதில்: தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் இருப்பது. பேரரசர்களாக இருந்த பாண்டியர்கள் மதுரையை இழந்து, தெற்கே ஒதுங்கி, விஜயநகரத்தின் நிழலில் வாழ்ந்த காலம் அது. 1422-ல் பட்டமேறிய பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலைக் கட்டினான். அவன் பாட்டு:

‘ஆராயினும் இந்தத் தென்காசி மேவும்பொன் ஆலயத்து
வாராததோர் குற்றம் வந்தால் அப்போதங்கு வந்ததனை
நேராகவே ஒழித்துப் புரப்பார்களை நீதியுடன்
பாராரறியப் பணிந்தேன் பராக்கிரம பாண்டியனே.’

கோயிலுக்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான் அரசன். வழக்கமான தான சாசனங்களின் முடிவில் ‘கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்’ என்று மிரட்டல்தான் இருக்கும். இவன் மிரட்டவில்லை, கும்பிடுகிறான். பிறக்கப்போகிறவனையும் சேர்த்து! ‘ஆராயினும்’ என்ற முதல் சொல்லில் குலமும் இல்லை, பதவியும் இல்லை.

நான் சிறுவனாக இருந்தபோது அந்த ராஜகோபுரம் பாழடைந்து மொட்டையாக நின்றது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டி, ‘யாராவது கட்டுவாங்கடா, ராஜா கேட்டிருக்கார்ல’ என்பார். 1990-ல் கோபுரம் முழுதாக எழும்பிக் குடமுழுக்கு நடந்தபோது அப்பா இல்லை. கூட்டத்தில் நின்று, ‘ஆராயினும்’ என்று அவருக்காக ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.