ஊகக் கேள்வி வேண்டுமாம்!

கேள்வி: கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். சோதனைக்கு இன்னும் மூன்று கிழமைதான். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினா, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. நோட்ஸ் முழுக்கப் பாடம். ஆனாலும் போன முறை 38 புள்ளிதான். குறுந்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் என்ன கேள்வி வரும் என்று ஊகித்துச் சொல்வீர்களா?
– வாசகி, மல்லாவி

பதில்: சாத்திரம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள், தங்கச்சி. முழுக்கப் பாடமாக்கியும் 38 என்றால் உங்கள் ஞாபகசக்தியில் குறையில்லை. பாடமாக்கிய சரக்கில்தான் குறை. நோட்ஸை மூடிவிட்டுப் பாட்டைத் திறவுங்கள்.

‘நிலத்தினும் பெரிதே’ என்ற குறுந்தொகை 3ஆம் பாட்டை எடுப்போம். நாலே அடி. ‘தலைவி காதலின் பெருமையைச் சொல்கிறாள்’ என்று எழுதி நிறுத்தினால் பாதிப் புள்ளியும் தேறாது. துறையை, அதாவது பாட்டு எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்ற குறிப்பைப் படியுங்கள். தோழி தலைவனைக் குறை சொல்கிறாள், தலைவி விட்டுக்கொடுக்காமல் அவனைப் புகழ்கிறாள், அவனோ வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்கிறான். அவன் விரைவில் மணம் முடிக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனையும். யார், யாரிடம், யார் கேட்க என்ற மூன்றையும் எழுதிய பிறகு உவமைக்குப் போங்கள். நிலம், வான், கடல் என்று விரிந்த பாட்டு, கடைசியில் ஒரு குறிஞ்சிப் பூவின் தேனில் வந்து நிற்கிறதே, அதற்கு ஒரு பந்தி கொடுங்கள்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் பாத்திரப் படைப்பைக் கேட்டால் கோவலன் கல்யாணத்திலிருந்து தொடங்குகிறீர்கள், இல்லையா? 30 காதையையும் திருத்துபவர் படித்திருக்கிறார். கொலைக்களக் காதையில் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்று விசாரணையின்றிச் சொன்ன வாய், வழக்குரை காதையில் ‘யானே கள்வன்’ என்கிறது. இந்த இரண்டு மேற்கோளுக்கும் நடுவில்தான் உங்கள் விடை இருக்கிறது.

எந்த நிலத்துக்கு எந்தக் காலம் என்று காட்டும் திணை அட்டவணையில் வன்னிப் பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. காடு, குளத்துக்குக் கீழ் வயல், முல்லைத்தீவுக் கடல் எல்லாம் கண்முன் இருப்பதால் முல்லை, மருதம், நெய்தல் சுலபமாகப் பிடிபடும். பொழுதில், அதாவது திணைக்குரிய காலத்தில் மட்டும் கண்ணை நம்பக்கூடாது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். முல்லைக்கு இலக்கணம் சொல்லும் கார்காலமோ ஆவணி, புரட்டாதி. முல்லைக்கு ஐப்பசி என்று எழுதினால் அது கூதிர்காலம், குறிஞ்சித் திணைக்குப் போய்விடும்.

நேரம் போதாதென்று வேறு அழுவீர்கள். மொத்தம் 180 நிமிடம். கேள்வியைத் தெரிவு செய்ய 10, விடைக்கு 32 வீதம் 160, திருப்பிப் பார்க்க 10. தெரிந்த கேள்விக்கு 50 நிமிடம் எழுதினாலும் 20க்கு மேல் கிடைக்காது. ஆனால் ஐந்தாவது கேள்வி வெறுமையாகக் கிடந்தால் 20 போச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் உரிய 32இல் முதல் ஐந்து நிமிடம் விடைக்கான குறிப்புகளை ஐந்தாறு சொல்லில் கிறுக்குங்கள். கேள்வியில் ‘ஆராய்க’ என்றிருக்கிறதா, ‘விளக்குக’ என்றிருக்கிறதா என்று அப்போதே கோடிடுங்கள்.

இனி நாளுக்கு ஒரு பழைய வினா. மணிக்கூட்டை முன்னால் வைத்து, பேனையால், கொப்பியில் எழுதுங்கள். 32ஆம் நிமிடம் வந்ததும் வசனம் பாதியில் நின்றாலும் பேனையை வையுங்கள்.