அப்பாவின் எதிர்ப்புச் சக்தி எங்கே போனது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. சளி, காய்ச்சல் என்று படுத்ததே இல்லை, சிகரெட்டும் தொட்டதில்லை. இப்போது நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், நான்காம் நிலை. ரிப்போர்ட்டில் பிடி-எல்1 60% என்றிருக்கிறது. ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வர 10 நாள் ஆகுமாம். அதுவரை எதிர்ப்புச் சக்தி கூடுவதற்குச் சீந்தில் கஷாயம் கொடுக்கலாமா? இல்லை, இம்யூனோதெரபியை உடனே ஆரம்பிக்கச் சொல்லலாமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கஷாயம் வேண்டாம் அம்மா. இம்யூனோதெரபிக்கும் அந்த 10 நாள் பொறுங்கள்.

அப்பாவின் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே இருந்திருக்கும். அதன் கையைப் புற்று கட்டிப்போட்டிருக்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் உண்டாகும் புரதத்தின் துணுக்குகளை வெளியே நீட்டிக் காட்டும். லோக்கல் ரயிலில் டிசி பாஸ் பார்ப்பதுபோல, எதிர்ப்புச் சக்தியின் காவலர்களான டி செல்கள் அதைப் பார்த்துக்கொண்டே போகும். சில புற்றுச் செல்கள் துணுக்கைக் காட்டாமலே ஒளிந்துவிடும். வேறு சில, டி செல்லின் பிரேக்கிலேயே கை வைக்கும். பிடி-1 என்பது அந்த பிரேக். கிருமி அழிந்த பிறகும் சண்டை நீண்டு நம் உடம்பையே தாக்கிவிடாமலிருக்க உடம்பு வைத்துக்கொண்டது. புற்றுச் செல் அதை அமுக்கப் பயன்படுத்தும் புரதம்தான் பிடி-எல்1. இந்த அமுக்கலைத் தடுத்து பிரேக்கை விடுவிப்பதுதான் இங்கே இம்யூனோதெரபியின் வேலை. கொடுமை என்னவென்றால், டி செல் தாக்கும்போது விடும் இன்டர்ஃபெரான் என்ற புரதமே புற்றுச் செல்லில் பிடி-எல்1-ஐக் கூட்டிவிடும். சக்தியை ஏற்றினால் போதும் என்று சொல்ல முடியாதது இதனால்தான். சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்களே 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். கல்லீரல் கெட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும்.

60% என்றதும் நோய் அவ்வளவு முற்றிவிட்டதென்று பயப்படாதீர்கள். பயாப்சி துணுக்குக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, 100 புற்றுச் செல்லில் 60-இன் ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிந்தது, அவ்வளவுதான். 50-ஐத் தாண்டினால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்தைக் கீமோ இல்லாமலே கொடுக்க வழியுண்டு.

சரி, பிறகு ஏன் பொறுக்கச் சொல்கிறேன்? புகைக்காதவருக்கு அடினோகார்சினோமா என்றால் புற்றை வளர்க்கும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற ஜீன்களில் மாற்றம் இருக்க நல்ல வாய்ப்பு; ஜீன் டெஸ்ட் தேடுவது அதைத்தான். இருந்தால், பிடி-எல்1 எவ்வளவு காட்டினாலும் இம்யூனோதெரபி பெரிதாக உதவுவதில்லை. அந்தக் கட்டிகளுக்குள் டி செல்களே அதிகம் வருவதில்லை, பிரேக்கை எடுத்து என்ன பயன்? அந்த ஜீன் மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைதான் அங்கே முதல் மருந்து. அதோடு, இம்யூனோதெரபி போட்ட கையோடு ஓசிமெர்டினிப் என்ற ஈஜிஎஃப்ஆர் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடும்.

இதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் அந்த 10 நாளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். ரிசல்ட் வரும்வரை கீமோவை மட்டும் தொடங்கலாமா என்று கேளுங்கள்.