கடிகாரத்தைப் பிடித்தவர் யார்?

அன்புள்ள ஐயா,

நான் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி ஒரே சண்டை. போ ஜாக்சன் என்ற பழைய அமெரிக்கக் கால்பந்து வீரர் எவ்வளவு வேகமாக ஓடினார்? போ ஆடிய ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பெரியவர், 1986 இல் போ 40 கெஜத்தை 4.12 விநாடியில் ஓடினார் என்று அடித்துச் சொல்கிறார். அதன் பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழகத்தில் படித்த இன்னொருவர் அது சுத்தப் புளுகு என்கிறார். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். குரல் உயர்ந்து மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் போகிறது.

எனக்கு அமெரிக்கக் கால்பந்து அரைகுறையாகத்தான் புரியும். 4.12 சாத்தியமா? நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததை வைத்துக்கொண்டு, அரை விநாடிகூட இல்லாத வித்தியாசத்துக்காக இப்படி அடித்துக்கொள்வதில் என்ன பயன்? அப்புறம், நம் ஆட்களுக்கு இந்த மாதிரி விளையாட்டு ஈடுபாடு ஏன் வரவில்லை?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

எங்கள் பள்ளியின் பி.டி. வாத்தியார் போன மாதம் காலமானார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஸ்டாப்வாட்ச் நினைப்பாகவே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். அமெரிக்கா போய் நாலு வருடம் ஆனதும் எல்லோருக்கும் இந்த வியாதி வந்துவிடுகிறது. எதைப் பார்த்தாலும் ‘நம் ஆட்களுக்கு ஏன் இல்லை’. எம்.ஜி.ஆர். படமா சிவாஜி படமா, எது அதிக நாள் ஓடியது என்று தியேட்டர் பெயரோடு சண்டை போடுகிறவர்களை நீங்கள் பார்த்ததே இல்லையா? போகட்டும்.

4.12 சாத்தியமா? மின்கருவி வைத்து அளந்திருந்தால் அந்த எண் வந்திருக்காது. கால்பந்து வீரர்களின் வேகத்தை அளக்க ஓடவைக்கும் 40 கெஜம் என்பது 36.58 மீட்டர். 2009 இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது இடையிடையேயும் நேரம் எடுத்திருக்கிறார்கள். 30 மீட்டரை 3.78 இல் கடந்தார், 40 மீட்டரை 4.64 இல். அப்படியானால் 36.58 மீட்டருக்கு ஏறத்தாழ 4.35. துப்பாக்கி வெடித்த பிறகு அவர் உடல் அசைய எடுத்துக்கொண்ட 0.146 விநாடியைக் கழித்துவிட்டால் 4.20. முள் காலணி, காலை உதைத்துக் கிளம்பப் பலகை, செயற்கைத் தடம், முதுகில் கொஞ்சம் காற்று, இதெல்லாம் இருந்தும் மனித குலத்தின் ஆக வேகமான ஓட்டத்தில் வந்தது அவ்வளவுதான். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு ரன்னிங் பேக், அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டக்காரர், அதையும் முந்தினார் என்றால் நான் நம்ப மாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம்.

உடனே ஓடிப்போய் அலபாமாக்காரரின் கையைக் குலுக்கிவிடாதீர்கள். அவர் சொல்வதும் தப்பு. இங்கே யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. போவின் கால்களை விட்டுவிட்டு, ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்திருந்தவரின் விரலைப் பாருங்கள்.

தடகளப் போட்டியில் துப்பாக்கி வெடிக்கும், அதைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்துவார்கள். 40 கெஜ ஓட்டத்தில் துப்பாக்கியே கிடையாது. ஓடுகிறவர் தனக்குத் தோன்றியபோது கிளம்புவார். எல்லைக் கோட்டில் நிற்பவர் தூரத்திலிருந்து அந்த அசைவைப் பார்த்து, பிறகு அழுத்த வேண்டும். கண் பார்த்தது விரலுக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். அதாவது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்போது ஆள் ஏற்கனவே கிளம்பியிருப்பார். முடிவில் கதையே வேறு. அவர் வருவது தெரிகிறது, கோடு கண்ணுக்கு எதிரே இருக்கிறது, விரல் தயாராகக் காத்திருக்கிறது. சரியான நொடியில் அழுத்திவிடலாம், ஒரு மயிரிழை முன்னாலும் அழுத்திவிடலாம். தொடக்கத்தில் தாமதம், முடிவில் தாமதம் இல்லை. நடுவில் காணாமல் போன நேரம் முழுக்க ஓடியவருக்கு இனாம். 100 மீட்டரில் கைக் கடிகார நேரத்தை மின் நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 விநாடி சேர்ப்பது வழக்கம். 1977 முதல் குறுந்தூர ஓட்டங்களில் மின் நேரம் இல்லாமல் உலக சாதனையே ஏற்பதில்லை.

அந்த 0.24 ஐ 4.12 உடன் கூட்டினால் 4.36. தொழில்முறை லீகின் தேர்வு முகாமில் இதுவரை ஆகக் குறைந்த நேரம் 2024 இல் சேவியர் வொர்த்தி ஓடிய 4.21. அவர் எடை சுமார் 75 கிலோ. நூறு கிலோவைத் தாண்டிய உடம்பைத் தூக்கிக்கொண்டு 4.36 ஓடுவதை மட்டு என்று எவனாவது சொன்னால் அவனுக்கு எடை என்றால் என்னவென்று தெரியாது. போ வெறும் கால்பந்துக்காரர் அல்ல. ஆபர்ன் தடகள அணியிலும் ஓடி, 100 மீட்டரில் தேசியக் கல்லூரிப் போட்டிக்குத் தகுதி பெற்றவர்.

இன்னொரு உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர் பாப் ஹேஸ். அவரும் கல்லூரிக் கால்பந்தில் இருந்து வந்தவர், பிறகு டாலஸ் கவ்பாய்ஸ் அணியில் ஆடினார். அதே ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாகக் குச்சியை வாங்கி, பின்தங்கியிருந்த அணியை ஜெயிக்க வைத்தார். ஓடிக்கொண்டே குச்சியை வாங்கி ஓடிய அந்தக் கடைசி 100 மீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒருவர் கணக்கில் 8.5, இன்னொருவர் கணக்கில் 8.9. ஒரே மனிதன், ஒரே ஓட்டம். கைகள்தான் வேறு.

எங்கள் பி.டி. வாத்தியார் இதை எந்தப் புத்தகத்திலும் படித்து எங்களுக்குச் சொல்லவில்லை. ஓடத் தெரியாத பையன்களை அவர் மைதானத்தைவிட்டுத் துரத்த மாட்டார். கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் அது என் கைக்கு வந்தது. “சத்தத்தைக் கேட்டு அமுக்காதே, புகையைப் பாத்து அமுக்கு. சத்தம் மெதுவா வரும்” என்பார். முடிவுக் கோட்டில் ஓடுகிறவன் முகத்தைப் பார்க்கக்கூடாது, நாடாவைத்தான் பார்க்க வேண்டும். ஒருவனுக்கு மூன்று பேர் நேரம் எடுப்போம், மூன்றும் வேறு வேறாக வந்தால் நடுவில் உள்ளதை எழுதிக்கொள்வார்.

இதெல்லாம் எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். அவரிடம் கூடுதலாக ஒரு விதி இருந்தது. நம் தெருக்காரனோ, பக்கத்துப் பெஞ்சுக்காரனோ ஓடினால் கடிகாரத்தை வேறு ஒருவனிடம் கொடுத்துவிட வேண்டும். நான் ஒரு தடவை, “சார், நான் ஏமாத்த மாட்டேன்” என்று ரோஷத்தோடு சொன்னேன். “நீ ஏமாத்த மாட்டே, எனக்குத் தெரியும். ஆனா பாசம் விரல்ல இருக்கும்டா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்ன மாதிரிதான் ஞாபகம்.

அவர் கடைசியாக வருகிறவனுக்கும் நேரம் எடுக்கச் சொல்வார். பரிசு வாங்கியவர்கள் மேடைக்குப் போய்விடுவார்கள், கூட்டம் கலைந்துவிடும், எங்களுக்குப் பசி. அவர் மட்டும் நோட்டை வைத்துக்கொண்டு நிற்பார். என்ன பயன் சார் என்று நாங்களும் கேட்டோம், உங்களைப் போலவே. “அவனும் ஓடித்தானேடா வந்தான்” என்று எழுதிக்கொள்வார். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்ததற்கு இதுதான் காரணம். இரண்டு கிழவர்கள் சோற்றை ஆறவிட்டு, தங்கள் இருபது வயதில் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அதற்குப் பயன் சீட்டு எழுதித் தர வேண்டுமா? உங்கள் அலுவலகத்தில் மற்ற மேசைகளில் என்ன பேசுகிறார்கள், வீட்டுக் கடன் வட்டி விகிதமா?

1986 இல் கடிகாரம் பிடித்தவர்கள் யாராக இருந்தாலும், போ யாரென்று தெரிந்துதான் பிடித்தார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் அவர் பந்தோடு 1,786 கெஜம் ஓடி, கல்லூரிக் கால்பந்தின் ஆகச் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை வாங்கியிருந்தார். அலபாமாவின் பெஸ்ஸமர் ஊர்க்காரர், பத்துப் பிள்ளைகளில் எட்டாவது. பள்ளி முடிந்ததும் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பணத்தை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனார். அப்படிப்பட்ட ஒருவர் எதிரே ஓடி வரும்போது எந்த விரல்தான் நிதானமாக இருக்கும்?

இனி நான் சொல்ல நினைத்தது. ஆடுகளத்தில் ஒருவன் எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டுமென்றால் அவனைப் பார்க்கக்கூடாது. துரத்துகிறவர்களைப் பார்க்க வேண்டும். பந்தோடு ஒருவன் ஓடும்போது, தடுப்பவன் அவன் இருக்கும் இடத்தை நோக்கி ஓடுவதில்லை. இன்னும் சில விநாடியில் அவன் எங்கே இருப்பான் என்று மனக்கணக்குப் போட்டு, அந்த இடத்துக்குக் குறுக்கே ஓடுகிறான். ஆயிரம் பேரைத் துரத்திப் பழகிய கணக்கு அது, சாதாரணமாகத் தப்பாது. 1987 நவம்பர் 30, போவின் இருபத்தைந்தாவது பிறந்தநாள். அப்போது அவர் லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் என்ற தொழில்முறை அணியில் இருந்தார், எதிரே சியாட்டில் சீஹாக்ஸ் அணி. அன்று மொத்தம் 221 கெஜம் ஓடினார், அதில் ஒரு ஓட்டம் மட்டும் 91 கெஜம். இடது ஓரமாக வளைந்து அவர் திரும்பும் இடத்தைப் பாருங்கள். குறுக்கே வருகிறவர்கள் போட்ட கணக்கு பொய்த்துப்போவது அப்படியே தெரியும். அவர்கள் போய்ச்சேரும்போது அங்கே போ இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் மைதானத்துச் சுரங்க வழிக்குள் ஓடிப்போய்விட்டார். அந்தத் தடுப்பாளர்கள் யாரும் அவருடைய ரசிகர்கள் அல்ல. அவர்கள் கால்கள் சொல்லும் சாட்சியை நான் நம்புகிறேன். இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, எல்லோரும் மறுபடியும் எண்ணுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

அலபாமாக்காரர் ஒருவேளை 1990 டிசம்பரைக் கிளப்பலாம். சின்சினாட்டி அணிக்கு எதிராக 88 கெஜம் ஓடி, கோட்டுக்குச் சற்று முன்னால் போ பிடிபட்டார். பிடிபட்டவன் எப்படி வேகமானவன் என்பார். 88 கெஜம் ஓடியதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பேசுகிற ஆளோடு வாதாடாதீர்கள்.

அடுத்த மாதமே, 1991 ஜனவரி 13, அதே சின்சினாட்டிக்கு எதிராக, எல்லாம் முடிந்தது. 34 கெஜம் ஓடியபோது பின்னாலிருந்து ஒருவர் காலைப் பிடித்து இழுத்தார். இடுப்பு மூட்டு நழுவியது. மூட்டெலும்புக்கு ரத்தம் போவது நின்று, எலும்பு செத்துப்போனது. செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு 1993 இல் பேஸ்பாலுக்குத் திரும்பி, மட்டையை முதல் தடவை வீசியபோதே பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தார். ஆனால் கால்பந்து ஆட முடியவில்லை. தொழில்முறைக் கால்பந்தில் அவர் ஆடியது மொத்தம் 38 ஆட்டங்கள். முழுக்க ஆடி, முப்பத்தைந்து வயதில் முட்டியில் கட்டுப்போட்டுக்கொண்டு மெதுவாக ஓய்வு பெற்றிருந்தால் இந்த 4.12 சண்டை இவ்வளவு நாள் நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பார்க்கக் கிடைக்காத பத்து வருடத்துக்குப் பதிலாக அந்தப் பெரியவர் கையில் இருப்பது அந்த எண் ஒன்றுதான். போல்ட் கணக்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்து வைக்காதீர்கள். உங்களுக்காக எழுதினேன், அவருக்காக அல்ல.

சரி, அடுத்த முறை சண்டை வந்தால் வேகத்தை விட்டுவிட்டு 1984 பற்றிக் கேளுங்கள். ஆபர்னும் அலபாமாவும் பர்மிங்ஹாமில் மோதின. அலபாமா 17-15 என்று முன்னால் இருந்தது, ஆபர்னுக்குக் கோட்டைத் தாண்ட ஒரே ஒரு கெஜம். பந்தை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள், போ அவருக்கு முன்னால் போய் எதிரிகளை மறிக்க வேண்டும். போ தப்பான பக்கம் போய்விட்டார். ஆபர்ன் தோற்றது. அலபாமாக்காரர் இதை நடித்தே காட்டுவார். அவர் முடிப்பதற்குள் பெரியவர் 1982 க்குப் போய்விடுவார். அப்போது போ முதல் வருட மாணவர். ஒன்பது வருடம் வரிசையாக அலபாமாவிடம் தோற்ற ஆபர்ன், போ எதிரிகளின் தலைக்கு மேலே தாவி விழுந்ததில் 23-22 என்று ஜெயித்தது. இரண்டையும் முழுக்கக் கேட்டுவிட்டு, யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.