பிணமலர் பூத்தால் எப்போது போய்ப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கூடலூரில் இருக்கிறோம். வயநாட்டில் ஒரு தாவரவியல் தோட்டத்தில் பிணமலர் என்று சொல்கிற டைட்டன் ஆரம் மொட்டு விட்டிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போனால் போதுமா? அவ்வளவு நாறுமா?

பதில்: லீவு பார்த்துப் போகிற பூ இல்லை இது. விரிகிற முதல் இரவுதான் முக்கியம். மறுநாள் மதியம் போனால் நிறம் இருக்கும், வாடை பெரும்பாலும் போயிருக்கும். அதையும் விட்டால் சுற்றி விரிந்த மடல் சுருங்கி, நடுவில் கூம்பாக நிற்கும் நடுத்தண்டு மடங்கி விழுந்துவிடும்.

தோட்டத்துக்குப் போன் போட்டு “எப்போது பூக்கும்?” என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது. மொட்டின் நிலையைக் கேளுங்கள். வேகமாக வளரும்போது நடுத்தண்டு நாளுக்கு 10 செ.மீ. வரைகூட உயரும். அந்த வேகம் சட்டென்று குறைந்து, அடியைப் போர்த்திய இரண்டு செதில் இலைகள் காய்ந்து உதிர்ந்து, மடல் விளிம்பில் கருஞ்சிவப்பு தெரிந்தால் உடனே கிளம்பலாம். பெரும்பாலும் பிற்பகலில் பிரியத் தொடங்கி, இருட்டிய பிறகு முழுதாக விரியும். மாலையில் உள்ளே விடுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டவயல், பத்தேரி, மானந்தவாடி வழியாகப் போகிறவர்கள் இரவு தங்குவதுபோலக் கிளம்புவது நல்லது.

நாற்றம் உண்மைதான். நடுத்தண்டு நம் உடம்புச் சூட்டுக்குச் சூடேறி, கந்தகச் சேர்மங்களை அலை அலையாக வெளியே தள்ளும். அழுகல் தேடும் வண்டு, ஈக்களுக்கான அழைப்பு அது. நம்ம சேனைக்கிழங்கும் இதே பேரினம். புதுமழையில் சேனை பூத்து, எலி செத்துக் கிடக்கிறதோ என்று வீட்டைச் சுற்றித் தேடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் பிணமலர் என்று சுற்றும் படங்களில் பல சேனைப்பூதான். அது தரையோடு ஒட்டி, உச்சி கசங்கிக் கருஞ்சிவப்பாக இருக்கும். டைட்டனுக்கு வெளிர்மஞ்சள் கூம்பு. 3 மீட்டர் வரைகூடப் போகும்.

உண்மையான பூக்கள் மடலுக்குள், தண்டின் அடியில் ஒளிந்திருக்கும். கீழே கருஞ்சிவப்புக் காம்பில் மஞ்சள் தலை வைத்த பெண் பூக்கள், மேலே வெளிறிய ஆண் பூக்கள். பெண் பூ முதல் இரவில் தயாராகும். மகரந்தம் கொட்டுவது மறுநாள்தான். அதனால் தன் மகரந்தம் தனக்கு உதவாது. வேறு செடியிலிருந்து எடுத்துக் குளிரில் வைத்த மகரந்தத்தைத் தூரிகையால் தடவ, மடலின் அடியில் சில தோட்டங்களில் ஜன்னல்போல வெட்டுவார்கள். சுமத்ராவில் மட்டுமே காட்டில் வளரும், 2018 முதல் அழியும் நிலைப் பட்டியலில் இருக்கும் செடிக்கு இந்த வேலை ரொம்ப முக்கியம். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் வாடையைப் பற்றிப் புலம்பாமல் அந்த ஜன்னல் வழியாகப் பார்க்க அனுமதி கேளுங்கள்.