ஸ்விங் காலத்து இசைத்தட்டுகள்: அட்டையில் போட்டிருப்பதை நம்பலாமா?

கேள்வி: க்ளென் மில்லரின் ஸ்விங் (1930, 40-களின் ஜாஸ் நடன இசை) குழுவின் எல்பி (நீண்டநேர இசைத்தட்டு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அட்டையில் ‘ஸ்டீரியோ’ என்றும் ‘அசல் பதிவுகள்’ என்றும் இருக்கிறது. மோனோ (ஒரே தடத்தில் ஒலிக்கும்) தட்டைவிடக் கொஞ்சம்தான் விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மில்லர் தன் பெயர்போன பதிவுகளைச் செய்தது 1938-க்கும் 1942-க்கும் இடையில். 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்குக் கிளம்பியவர் விமானத்தோடு காணாமல் போனார். ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்ததோ 1950-களின் கடைசியில். ஆகவே உங்கள் தட்டு இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அவர் பெயரில் பிற்பாடு வேறு கலைஞர்கள் வாசித்ததாக இருக்கலாம். அல்லது பழைய மோனோ பதிவில் அடித்தொனியை ஒரு பக்கமும் மேல்தொனியை மறுபக்கமும் தள்ளி, கொஞ்சம் எதிரொலி கலந்த போலி ஸ்டீரியோவாக இருக்கலாம். ஆர்சிஏ கம்பெனித் தட்டு என்றால் எண்ணைப் பாருங்கள். எல்பிஎம் (LPM) என்று தொடங்கினால் மோனோ. எல்எஸ்பி (LSP) என்று தொடங்கி, எண்ணுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் சின்னதாக ஆங்கில ‘இ’ (e) எழுத்து இருந்தால் போலி ஸ்டீரியோ. கூடுதல் விலை கொடுத்து மோசமான ஒலியை வாங்குவானேன்?

மற்ற ஸ்விங் குழுத் தலைவர்களான பென்னி குட்மேன், ஹாரி ஜேம்ஸ் விஷயத்தில் சிக்கல் வேறு. இருவரும் தங்கள் பழைய வெற்றிகளையே 1950-களில் கேப்பிட்டல் கம்பெனிக்காகத் திரும்ப வாசித்தார்கள். வாசிப்பில் குறையில்லை, ஒலியும் தெளிவு. ஆனால் அந்தப் பழைய குழு அதில் இல்லை. பதிவான தேதி எங்கேயும் அச்சிடப்படாத தொகுப்பை வாங்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: ஸ்விங் குழுத் தலைவர் கவுன்ட் பேஸியின் ‘முழுமையான டெக்கா பதிவுகள்’ மூன்று சிடி பெட்டி வாங்கினேன். ‘டாக்ஸி வார் டான்ஸ்’ அதில் இல்லையே! ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. பேஸி டெக்கா கம்பெனியில் இருந்தது 1937 முதல் 1939 தொடக்கம் வரை. நீங்கள் தேடுவது 1939 மார்ச்சில் கொலம்பியா தரப்புக் கம்பெனியான வோகாலியனுக்குப் பதிவானது. அது கொலம்பியா தரப்புத் தொகுப்புகளில்தான் கிடைக்கும். ‘முழுமையான’ என்ற சொல் ஒரு கம்பெனியின் எல்லைக்குள்தான் செல்லும். இன்னொன்று: 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் செய்தது. டெக்கா 1943-லும், விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலும்தான் இறங்கிவந்தன. எந்தக் குழுவின் பெட்டியிலாவது அந்தக் காலம் காலியாக இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு 1920-களில் செய்த பதிவுகள் பத்து விதமான சிடிகளில், பத்து விதமான விலைகளில் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: ஐரோப்பாவில் இந்தப் பதிவுகளுக்கு உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் வெளியிடுகிறார்கள். சிலர் நல்ல நிலையிலுள்ள மூலத்தட்டைத் தேடிப்பிடித்து ஒலியை எடுக்கிறார்கள். சிலர் அடுத்தவர் சிடியையே நகலெடுத்து, இரைச்சலை வழித்தெறிந்து விற்கிறார்கள். தட்டிலிருந்து ஒலிமாற்றம் செய்தவர் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜான் ஆர். டி. டேவிஸ் செய்த ஜேஎஸ்பி கம்பெனியின் நான்கு சிடி பெட்டி இன்றும் என் முதல் தேர்வு, விலையும் அதிகமில்லை.

வாங்குமுன் கேட்டுப்பார்க்க முடிந்தால் அந்தப் பதிவுகளில் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ (சிகாகோ, 1928 ஜூன் 28) ஒன்று போதும். தொடக்கத்தில் டிரம்பெட் தனியாக ஒலிக்கும். ஊதும்போது இரைச்சல் எழும்பி, மூச்சுவிடும் இடைவெளியில் சட்டென்று அடங்கினால், அளவுக்கு மீறி வடிகட்டியிருக்கிறார்கள். பாட்டு முடிந்தபின் கடைசியாக டிரம்ஸ் வாசிக்கும் ஸட்டி சிங்கிள்டன் கைத்தாளத்தை ‘டொக்’ என்று தட்டுவார். அதில் உலோகம் கேட்க வேண்டும். மரக்கட்டை மாதிரிக் கேட்டால் மேல்தொனி போய்விட்டது. வேகத்தையும் சோதியுங்கள். இந்தப் பாட்டின் சுருதி ஈ-ஃபிளாட், அதாவது ரெண்டரைக் கட்டை. சுருதிப் பெட்டியை வைத்துப் பாருங்கள். ரெண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால் தட்டை வேகமாக ஓட்டிப் பதிந்திருக்கிறார்கள்.

கேள்வி: சாவி கொடுக்கும் கிராமபோனும் ட்யூக் எலிங்டன், குட்மேன் 78 தட்டுகளும் (நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை) கிடைத்திருக்கின்றன. என் எல்பி பிளேயரிலேயே போடலாமா? அழுக்கை எப்படி எடுப்பது?

பதில்: பிளேயரில் 78 வேகம் இருந்தால் மட்டும் போதாது, முள்ளையும் மாற்ற வேண்டும். எல்பி முள்ளின் நுனி ஒரு மில்லுக்கும் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. 78-இன் பள்ளத்துக்கு ஏறக்குறைய மூன்று மில் தேவை. எல்பி முள் பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே சேர்ந்திருக்கும் தூசியைத்தான் வாசிக்கும். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு (முள்ளைத் தாங்கும் பகுதி) 78 முள் தனியாகவே விற்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வையுங்கள், பாதி இரைச்சல் அதிலேயே குறையும். ஒலி மந்தமாக இருந்தால் தட்டின் மேல் பழி போடாதீர்கள்: இன்றைய போனோ சுற்று (தட்டின் ஒலியைப் பெருக்கும் பகுதி) 1950-களின் எல்பி அளவுக்கு ஏற்ப மேல்தொனியைக் குறைக்கிறது. டிரெபிளைக் கூட்டுங்கள்.

கிராமபோனில் போடுவதென்றால் இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றியே ஆக வேண்டும். ஊசியைப் பிடித்திருக்கும் தலையான சவுண்ட் பாக்ஸின் கனம் முழுவதும் அந்த நுனியில்தான் இறங்குகிறது. தேய்ந்த ஊசி பள்ளத்தை உளியாகச் செதுக்கிவிடும். போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்காக வந்த 12 அங்குல வி-டிஸ்க் பெரும்பாலும் வினைல். அதைக் கிராமபோன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அழுக்கெடுக்க ஸ்பிரிட் கூடவே கூடாது. 78 தட்டு அரக்கில் செய்தது. பாலிஷ் போடுபவர் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, லேபிள் நனையாமல், மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். வெறும் நீரால் மறுபடி துடைத்து, நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள்.

இனிமேல் வாங்கும்போது தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால் ஊசி தின்றுவிட்டது, எந்தச் சலவையும் அதை மீட்காது. தபாலில் வரவழைத்தால் தட்டைவிடப் பெரிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். காகித உறை மட்டும் போட்டு அனுப்பினால் துண்டுகள்தான் வந்து சேரும்.