சாட்சியாக இருந்தால் போதுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. பக்தியான குடும்பம். நினைவு தெரிந்த நாளிலிருந்து வழிபாடு தவறியதில்லை. போன வருடம் ஒருநாள் காலை பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தபோது, வாய் அதுபாட்டுக்கு ஓடுவதையும் மனம் அலுவலகக் கணக்கில் கிடப்பதையும் கவனித்தேன். சரி, இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று ஒரு கேள்வி எழுந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் உள்ளே சத்தமே இல்லை. பெயர், வேலை, மதம் எதுவும் நானில்லை என்று பளிச்சென்று தெரிந்தது. அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.

அதிலிருந்து வழிபாட்டில் உட்கார்ந்தால் நடிப்பது போல இருக்கிறது. விட்டுவிட்டேன். விடியற்காலையில் மூன்று மணி நேரம் தியானம் மட்டும்தான். “நாங்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய்யா?” என்று அம்மா ஒருமுறை கேட்டார். இப்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார். சென்ற மாதம் மகள் விழுந்து நெற்றியில் அடிபட்டு அழுதபோது எனக்குப் பதற்றமே வரவில்லை. சாட்சியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இது முன்னேற்றமாகத்தான் தெரிகிறது. மனைவியோ, “நீங்கள் இந்த வீட்டிலேயே இல்லை” என்கிறாள். நான் விழித்துக்கொண்டேனா, இல்லை எனக்கு ஏதாவது கோளாறா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடுத்த எடுப்பில் கோளாறு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், ‘மத அல்லது ஆன்மிகச் சிக்கல்’ என்ற ஒரு பிரிவு சேர்ந்தது. நம்பிக்கை ஆட்டம் காண்பதும் அதில் வரும். அதை மனநோயாக எண்ணாமல், கவனிக்க வேண்டிய விஷயம் என்று தனியாக வைத்தார்கள். அன்று காலை உங்களுக்குக் கிடைத்தது உங்களுடையது. அதை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது மகள் விழுந்த சம்பவம்தான். நீங்கள் அமைதியாக இருந்ததில் தப்பில்லை. ஆனால் பதற்றமில்லாத ஒருவரால் இன்னும் சுலபமாகக் குழந்தையைத் தூக்கியிருக்க முடியும், இல்லையா? நீங்கள் நின்றுவிட்டீர்கள். தியானத்தில் ஊறியவரான உளவியலாளர் ஜான் வெல்வுட், ஆன்மிகத்தைக் காட்டி வலியையும் உறவுகளையும் சுற்றிக்கொண்டு போகும் இந்தப் பழக்கத்தை 1980-களிலேயே சுட்டிக்காட்டினார். ‘நான் யார்’ என்ற கேள்விக்கே பெயர்போன ரமணரைப் பாருங்கள். 16 வயதில் வீட்டை விட்டுப் போனவர். ஆனால் 1922-இல் அம்மாவின் கடைசி நாளில் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கையை அவர் நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்திருந்தார். தள்ளி நின்று பார்க்கவில்லை.

உங்கள் அம்மா கேட்டதும் தத்துவக் கேள்வி இல்லை. ‘என்னையும் சேர்த்து விட்டுவிட்டாயா?’ என்றுதான் கேட்கிறார். அவருக்கு ஆத்மாவைப் பற்றி விளக்கம் சொல்லப் போகாதீர்கள், சண்டையில்தான் முடியும். அவர் பிரார்த்திக்கும்போது வெறுமனே பக்கத்தில் உட்காருங்கள். வரிகளைச் சொல்ல வேண்டாம். நம்பாததை நம்புவதாகக் காட்டினால்தான் நடிப்பு. அம்மாவோடு உட்கார்வதில் என்ன நடிப்பு இருக்கிறது?

மனைவியிடம் ‘நான் எப்போதெல்லாம் இல்லாமல் போகிறேன்?’ என்று கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். அதைக் கேட்டு எரிச்சலோ வெட்கமோ வந்தால் நல்லதுதான், அதுவும் நீங்கள்தான்.

கொஞ்ச நாளைக்குத் தியானத்தை அரை மணி நேரமாகக் குறையுங்கள். கேட்காமலே ஒரு விலகல் வந்து ஒட்டிக்கொள்கிறதா, சுற்றியிருப்பது நிஜமில்லாதது போல் தோன்றுகிறதா, தூக்கம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடும் மன அழுத்தத்திலும் தூக்கக் குறைவிலும் இப்படி ஆவதுண்டு. அதை விழிப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. குறைத்த பிறகும் அது விடவில்லை என்றால், ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்; நீங்கள் கவனிக்காததை அவர் சொல்வார்.